பச்சைச் சேலைக்குப் பின்னால்

மலைக்குப் போய்ப் பெண் பார்க்கலாம் என்று விருமாண்டி சொன்னதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துத் தரகன் நல்லகாமன் சிரித்துவிட்டான். பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பது யாரென்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டான். விருமாண்டி வேடிக்கை பேசுகிற ஆள் இல்லை. சமயநல்லூருக்கு மேற்கே கிணறும் தோட்டமும் வைத்துப் பிழைக்கிறவர். பால்காரன் கறக்கும்போது பக்கத்தில் போய் நின்று, பால்காரனோடு சேர்த்து மாட்டையும் சந்தேகமாகப் பார்க்கிறவர்.

அவருடைய மகன் கருத்தக்கண்ணனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். இவனுக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அமையாமல் இல்லை. அமைந்ததையெல்லாம் அப்பன் கலைத்தார். சோழவந்தான் வீட்டில் பெண் கொண்டுவந்த காப்பி ரொம்ப நன்றாக இருந்தது. இந்த வயதுப் பெண்ணுக்கு இம்புட்டுக் கைப்பக்குவம் வராது, உள்ளே யாரோ போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று எழுந்து வந்துவிட்டார். உசிலம்பட்டிப் பக்கத்து வீட்டில் காப்பி நன்றாக இல்லை. அதற்கும் எழுந்து வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் வாசலில் கிடந்த நாய் இவர்களைப் பார்த்துக் குரைக்கவில்லை. அந்நிய மனிதனைக் கண்டு குரைக்காத நாய் வளர்க்கிறவர்கள் எதையோ மறைக்கிறவர்கள் என்று பஸ் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டு வந்தார்.

மற்ற தரகர்கள் இந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். நல்லகாமன் ஒருவன்தான் மிச்சம். அவனும் இந்தத் தடவை, அலங்காநல்லூர்ப் பக்கத்தில் தான் பார்த்து வைத்திருக்கிற இடமும் தட்டிப்போனால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று ரெங்கம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு ரெங்கம்மாள் சோறு வடித்துப் பரிமாறினாளே தவிர, தான் உண்ணவில்லை. மகன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல மோட்டாருக்குக் கிரீஸ் போடப் போய்விட்டான்.

விருமாண்டியின் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவருக்குப் பெண் பார்த்தபோது விளக்கு வெளிச்சத்தில் தங்கச்சியைக் காட்டினார்களாம். மணவறையில் அக்காளை உட்கார வைத்துவிட்டார்களாம். "காட்டுனது ஒருத்தி, கட்டுனது ஒருத்தி" என்று ரெங்கம்மாளை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் சொல்லிவந்தார். ரெங்கம்மாள் ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டுப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். "எங்க அய்யாவுக்கும் இவுக அண்ணனைத்தான் மாப்பிள்ளைன்னு காட்டுனாங்க. நாங்க யார்கிட்டயாவது சொன்னோமா?"

வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பதைப் போல ஏமாற்று வேலை உலகத்தில் கிடையாது என்பது விருமாண்டியின் கட்சி. பெண் நாலு எட்டு வைத்து வரும். தட்டை நீட்டும். உட்காரும். அதற்குள் கால் ஊனமா, கண் மங்கலா, இழுப்பு உண்டா, எடுத்தெறிந்து பேசுமா, என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்? மலையில் ஏறவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். பவுடர் வேர்வையில் போகும். மூச்சு வாங்குவது காதில் கேட்கும். தடுக்கினால் யாரைத் திட்டுகிறாள் என்று தெரியும். புரட்டாசிச் சனிக்கிழமை வெள்ளக்கல் மலைக்கு நாலு ஊர் சனமும் போகிறது. இவர்களும் போகட்டும், அவர்களும் வரட்டும்.

இன்னொரு நிபந்தனையும் போட்டார். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பேசக் கூடாது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டாலும் பெண்ணுக்குக் கெட்ட பேர் வராது அல்லவா என்று அதற்கு ஒரு தர்மக் காரணமும் சொன்னார். நல்லகாமன் மலை ஏறவே கூடாது. ஏறினால் பெண் வீட்டாருக்குக் கண்ணைக் காட்டிவிடுவான். அடிவாரத்து டீக்கடையோடு நிற்க வேண்டும். அடையாளம் மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நல்லகாமன் அடையாளம் சொன்னான். அந்த அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண்ணின் பெயர் சீனியம்மாள். அவள் ஊரிலேயே பால்வாடி டீச்சர். பச்சைச் சேலை கட்டி, கையில் தூக்குவாளி வைத்திருக்கும். அப்பா மொக்கையன் கொஞ்சம் கண்டிப்பான மனிதர்.

வெள்ளக்கல் மலை பெரிய மலை இல்லை. ஆனால் ஏறுகிறவனுக்கு அது தெரியாது. மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல். உசிலை மரங்களுக்கும் ஆத்தி மரங்களுக்கும் நடுவே அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பாறை துருத்திக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் வழுக்கும். வெயில் அடித்தால் கண் கூசும். அடிவாரத்தில் கருப்பு, பாதி வழியில் பிள்ளையார், உச்சியில் பெருமாள். அடிவாரத்துக் காளவாசலில் மலையை வெட்டி வெட்டிச் சுண்ணாம்பு சுடுகிறார்கள். மேலே பெருமாளுக்குக் கோயிலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எது முதலில் முடியும் என்று சொல்ல முடியாது. சுனையில் தண்ணீருக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, பயறு வேகாது. பிள்ளையார் மண்டபத்தில் தருகிற சுண்டலைப் பெரியவர்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு அடிவாரத்தில் இறங்கியதும் விருமாண்டி கருப்பைக் கும்பிட்டார். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்கக் கண் மட்டும் சுற்றிவந்தது. கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டது. பச்சைச் சேலை. கையில் எவர்சில்வர் தூக்குவாளி. கூடப் பாவாடை தாவணியில் ஏழெட்டுச் சின்னப் பெண்கள், தங்கச்சிகளும் சித்தப்பன் பிள்ளைகளுமாக இருக்கும். முன்னால் வெள்ளைக் காற்சட்டை போட்ட, மீசை நரைத்த மனிதர். கழுத்தில் ஊதல் தொங்கியது. அவர் ஊதலை ஒரு தடவை ஊதினார். பிள்ளைகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றார்கள்.

கண்டிப்பான மனிதர் என்று நல்லகாமன் சொன்னது இதுதான். பட்டாளத்தில் இருந்திருப்பார் போல. விருமாண்டிக்கு மனசு குளிர்ந்தது. அதில் ஒரு சின்னப் பெண் பச்சைச் சேலைக்காரியிடம், "டீச்சர், செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கூடப் பிறந்ததுகளே டீச்சர் என்று கூப்பிடுகிறதென்றால் ஊரில் அவளுக்கு எம்புட்டு மரியாதை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பிள்ளையார் மண்டபம் வந்ததும் ரெங்கம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதற்கு மேல் ஏற முடியாது என்றாள். கருத்தக்கண்ணன் அப்பா வாங்கிக் கொடுத்த டெரிலின் சட்டையில் நெளிந்துகொண்டு நின்றான். அவன் தானும் மேலே வரவா என்று கேட்டான். எதற்கு என்றார் விருமாண்டி. பெண்ணைப் பார்க்கத்தானே வந்தோம் என்று மெல்ல இழுத்தான்.

"நான் பாத்தா நீ பாத்த மாதிரிதான். ஆத்தா கூட இரு" என்றுவிட்டு அவர் பச்சைச் சேலைக்குப் பின்னால் போனார். கிழவர் தடுமாறாமல் ஏறுவதை ரெங்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இளவட்டம் மாதிரி ஏறினார். சந்தேகம் இருந்தால் அவருக்கு மூட்டுவலி வராது.

பெண் நன்றாகவே ஏறினாள். இடுப்பில் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, வழுக்குகிற இடத்தில் சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டாள். ஒரு குரங்கு வந்து பொட்டலத்தைப் பிடித்து இழுத்தபோது மற்றவர்கள் கத்தினார்கள். அவள் கத்தவில்லை. குரங்கை ஒரு பார்வை பார்த்தாள். குரங்கு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிற்று. காலில் ஊனம் இல்லை, கண்ணில் மங்கல் இல்லை, நெஞ்சில் இழுப்பு இல்லை என்று விருமாண்டி ஒவ்வொன்றாக மனசுக்குள் தள்ளிக்கொண்டே வந்தார். குறை ஒன்றும் அகப்படாதது அவருக்குப் புதிதாக இருந்தது.

ஒரு திருப்பத்தில் வேண்டுமென்றே பாதை ஓரம் உட்கார்ந்து, தாயி, ஒரு வாய் தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். அவள் தூக்குவாளியைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். வயசான காலத்தில் இம்புட்டு வேகமா ஏறாதீங்க பெரியவரே, உக்காந்து போங்க என்றாள். குரலும் பழுதில்லை. கிட்டத்தில் பார்த்ததில்தான் இரண்டொரு சங்கதி கண்ணில் பட்டது. நெற்றியில் பொட்டு இல்லை. கையில் வளையல் இல்லை, கடிகாரம் மட்டும் இருந்தது. வேறு வீடாக இருந்தால் அங்கேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார். ஆனால் இந்தப் பெண்ணைத் தானே கண்டுபிடித்திருந்தார். தான் கண்டுபிடித்ததில் குறை இருக்க வழியில்லை. பொட்டு வேர்வையில் அழிந்திருக்கும், அழிகிற பொட்டுத்தானே அசல் குங்குமம். மலையில் உடையுமே என்று வளையலைக் கழற்றி வைத்திருப்பாள், சிக்கனக்காரி. கழுத்தில் ஒரு சங்கிலி ரவிக்கைக்குள் போயிற்று. அதன் முனையில் என்ன கிடக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. சங்கிலியின் கனத்தை மட்டும் யோசித்தார். திருப்தியாக இருந்தது.

அதற்கு மேல் நடந்ததுதான் அவரை அடியோடு சாய்த்தது.

பாதை ஓரத்தில் ஒரு வெள்ளைப் பாறை. அதன் முன்னால் அந்தப் பெண் நின்றாள். தூக்குவாளியின் மேல் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். பேனாக்கத்தியால் பாறையைக் கொஞ்சம் சுரண்டினாள். பழத்தை அறுத்துச் சுரண்டின இடத்தில் பிழிந்தாள். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். பாறை நுரைத்தது. பொரி பொரியாக வெள்ளை நுரை கிளம்பியது. விருமாண்டி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பிள்ளைகளிடம் ஏதோ கேட்டாள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் ஒரு பெயரைச் சொன்னார்கள்.

"கரியமில வாயு!"

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. விருமாண்டியின் காதில் கரியமாணிக்கம் என்று விழுந்தது. பெருமாள் மலையில் வேறென்ன பெயரைச் சொல்வார்கள்? அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் மொட்டை போட்ட பிள்ளையோடு வந்த ஒரு குடும்பமும் நின்றுவிட்டது. என்ன பெரியவரே என்று கேட்டார்கள். அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு, கல்லு பேசுது என்று சொன்னார். பச்சைச் சேலைக்காரியும் பிள்ளைகளும் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் மொட்டைப் பிள்ளையின் அம்மா போய் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கல் அவளுக்கும் நுரைத்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். அடுத்து வந்தவர்கள் கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ மஞ்சள் தடவினார்கள். கீழே எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த இருளாயி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கேயே கடையைப் போட்டாள். வெள்ளைப் பாறைக்கு எப்படிக் கரியமாணிக்கம் என்று பேர் வந்தது என்று ஒருவர் கேட்டார். சாமியிடம் கேள்வி கேட்காதே என்று நாலு பேர் அவரை அடக்கினார்கள். இனி காளவாசல்காரன் அந்தப் பாறைப் பக்கம் போக முடியாது. அந்த மட்டில் நல்லது.

விருமாண்டி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தெய்வாம்சம் உள்ள பெண். பிழிந்தால் கல் நுரைக்கிறது. இப்படிப்பட்ட பெண் தன் வீட்டுக்கு வந்தால் கிணறு வற்றாது. தாமதித்தால் வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான். ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்ற நிபந்தனை அவர் போட்டதுதான். போட்டவர் எடுக்கலாம்.

உச்சியில் பெருமாள் கோயிலுக்குள் கூட்டம் முண்டியது. பச்சைச் சேலைக்காரியின் கூட்டம் உள்ளே போகவில்லை. வெளியே ஆத்தி மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். கோயில் வாசல்வரை வந்து சாமி பார்க்காமல் உட்காருகிறார்களே என்று அவருக்கு ஒரு கணம் உறுத்தியது. அடுத்த கணமே பதிலும் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நிற்கிறார்கள். எவ்வளவு அடக்கம். விருமாண்டி தானும் சாமி பார்க்கவில்லை. நேரே ஊதல்காரரிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்குய்யா" என்றார்.

அந்த மனிதர் பெயர் ராயப்பன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஆமாம், நல்ல காற்று, இந்த மலை எனக்கும் பிடிக்கும் என்றார்.

விருமாண்டிக்கு அந்த நாசூக்கு பிடித்திருந்தது. பிள்ளைகளை வளர்த்திருக்கும் விதத்தைப் புகழ்ந்தார். எல்லாம் கண்டிப்புத்தான், ஊதலைக் கண்டால் நடுங்குவார்கள் என்று ராயப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். நானும் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன், ஐப்பசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் விருமாண்டி. ஐப்பசியில் குற்றாலம் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறது, ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றார் ராயப்பன்.

"கல்யாணத்துக்கு முந்தியா கூட்டிட்டுப் போவீங்க?"

"யாருக்குக் கல்யாணம்?"

"நம்ம பிள்ளைகளுக்குத்தான். எம் மகனுக்கும் உங்க மகளுக்கும்" என்று விருமாண்டி பச்சைச் சேலையைக் கை நீட்டிக் காட்டினார்.

ராயப்பன் கையிலிருந்த இட்லியை இலையில் வைத்துவிட்டார். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தாம் டிரில் மாஸ்டர் என்றும், இது டீச்சர் ஆனிமேரி, இவர்கள் ஹாஸ்டல் பிள்ளைகள், காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போகாததுகளைக் கல்லும் மரமும் காட்டக் கூட்டி வந்திருக்கிறோம் என்றும் நிதானமாகச் சொன்னார். விருமாண்டி அதில் பாதியை நம்பவில்லை. சொல்லிக்கொடுத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று பார்த்தார். அதற்குள் ஆனிமேரியே எழுந்து வந்தாள். கழுத்துச் சங்கிலியை இழுத்து வெளியே போட்டாள். முனையில் சிலுவைத் தாலி தொங்கியது.

"பெரியவரே, எனக்கு மே மாசம் கல்யாணம் ஆயிருச்சு. நீங்க பொண்ணு கேட்டீங்களே, இவரு எங்க மாமனாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு நிற்பதாகத் தெரியவில்லை. ராயப்பன் ஊதலை எடுத்து ஊதினார். சிரிப்பு நின்றது. அவருடைய மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போகலாமா என்று விருமாண்டிக்கு ஒரு எண்ணம் வந்தது. கேட்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் ராத்திரி தூக்கம் வராது.

இறங்கும்போது அவருக்கு யார்மீது கோபம் என்று தெரியவில்லை. அதனால் எல்லார்மீதும் கோபப்பட்டார். மொக்கையன் குடும்பம் வரவேயில்லை. ஊனம் இருக்கிறது, மலை என்றதும் பயந்துவிட்டார்கள். நல்லகாமனுக்கும் தெரிந்திருக்கும். நல்ல வேளை, இந்தச் சம்பந்தம் இத்தோடு ஒழிந்தது. இதை அடிவாரம் போனதும் நல்லகாமனின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தார். வெள்ளைப் பாறையில் வரிசை திருப்பம்வரை நின்றது. கரியமாணிக்கத்தைச் சேவிக்காமல் போகிறாரே, இந்தப் பெரியவருக்குத்தானே முதலில் காட்சி கிடைத்தது என்று இருளாயி யாரிடமோ சொல்வது கேட்டது. அவர் நிற்கவில்லை.

பிள்ளையார் மண்டபத்தில் ரெங்கம்மாள் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகன் ஈரச் சட்டையோடு, சுனையிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து அந்தக் குடும்பத்தின் முன்னால் வைத்தான். அரக்குச் சேலை கட்டின ஒரு பெண் குடத்தை இறக்கக் கை கொடுத்தாள். அவன் சிரித்தான். மகன் சிரித்து விருமாண்டி ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. உடனே சந்தேகம் வந்தது.

ரெங்கம்மாளைத் தூண் பக்கம் கூப்பிட்டார். அவர்கள் வரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள், கிளம்பு என்றார். ரெங்கம்மாள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வந்திருக்காக. அந்தா, அரக்குச் சேலைதான் சீனியம்மா. பக்கத்துல அவுக ஆத்தா பாண்டியம்மா. துண்டு விரிச்சுப் படுத்திருக்காரே, அவருதான் மொக்கையன்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மலைக்கு வந்த சனமெல்லாம் சாமியைப் பார்க்கிறது, இவர்கள் மட்டும் நம் மகனைப் பார்த்தார்கள் என்றாள் அவள். விருமாண்டி எட்டி அந்த அரக்குச் சேலையை முறைத்தார்.

"பச்சைச் சேலைன்னுதான பேச்சு?"

அவர் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். பதில் அந்தப் பக்கமிருந்து வந்தது. சீனியம்மாள் எழுந்து நின்று, தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான்தான் மாத்திக் கட்டிக்கிட்டேன், மாமா. நீங்க தெரியாத ஆளு மாதிரி இருந்து என்னையப் பாக்கணும்னு சொன்னீகளாம். நானும் அப்பிடியே இருந்து பாக்கலாம்னுதான்."

"என்னத்தப் பாத்த?"

"இங்க குடுத்த சுண்டல யாருமே தின்னல. அவுக மொகஞ் சுளிக்காமத் தின்னாக. எஞ் சமையலுக்கு அது போதும்." பிறகு ஒரு நிமிஷம் பொறுத்துச் சொன்னாள்: "உங்களையும் பாத்தோம் மாமா. அந்த டீச்சரு பின்னாலயே போனீக."

படுத்திருந்த மொக்கையனின் வயிறு குலுங்கியது. ஆனால் அவர் கண்ணைத் திறக்கவில்லை. கண்டிப்பான மனிதர்தான்.

விருமாண்டி மனைவியின் பக்கம் திரும்பினார். தெரிந்திருந்தும் தன்னைத் தடுக்கவில்லையே என்று கேட்டார். அவர் ஏறிப்போன கொஞ்ச நேரத்திலேயே அது வேறு பெண் என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று ரெங்கம்மாள் ஒத்துக்கொண்டாள்.

"நீங்க இந்தப் புள்ளையப் பாத்தா வேணாம்பீக. அதான், யாரையாச்சும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

 அவருக்கு விட மனசில்லை. வந்த காரியம் ஒன்று இருக்கிறதே. தான் பெண் நடக்கிறதைப் பார்க்கவில்லை, மலை ஏறினதைப் பார்க்கவில்லை, பார்க்காமல் எப்படிச் சரி என்று சொல்வது, இன்னொரு சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். ரெங்கம்மாளின் முகம் சுருங்கியது. இன்னொரு சனிக்கிழமை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பாண்டியம்மாள் புளியோதரைச் சட்டியை மூடி, துணியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

கருத்தக்கண்ணன் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் அப்பா முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன். டெரிலின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அய்யா, நான் பாத்துட்டேன்" என்றான்.

 ஒரு குரங்கு வந்து சுண்டலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் துப்பியது. மொக்கையன் இப்போதுதான் முழித்தவர்போல எழுந்து உட்கார்ந்து, வெயில் ஏறுது மச்சான், இறங்குவமா என்று கேட்டார்.

இறங்குவதற்கு எல்லாரும் எழுந்தார்கள். ரெங்கம்மாளும் பாண்டியம்மாளும் முன்னால் போனார்கள், ரெங்கம்மாளின் முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மொக்கையனும் கருத்தக்கண்ணனும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்கள். விருமாண்டி துண்டை உதறுகிறவர்போலப் பின்தங்கினார். இறங்கும்போதாவது பின்னாலிருந்து நடையைப் பார்த்துவிடலாம். சீனியம்மாளும் பின்தங்கினாள். அவர் தூணைப் பார்த்தார். அவளும் தூணைப் பார்த்தாள்.

"போ தாயி" என்றார்.

"பெரியவுக முன்னால போங்க மாமா. நான் எப்பிடி முந்திப் போறது?"

அதில் குறை சொல்ல வழியில்லை. மரியாதையான பேச்சு. அவருக்கு வேறு வழியும் இல்லை. முன்னால் நடந்தார்.

காலையில் ஏறும்போது இல்லாத வலியெல்லாம் இப்போது முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக் கல்லில் கால் வைக்கத் தடம் பார்த்து, மரத்தைப் பிடித்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார். தன் நடையைப் பின்னாலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டு வருகிறாள் என்பது முதுகில் சுட்டது. நிமிர்ந்து நடக்கப் பார்த்தார், முடியவில்லை. திரும்பிப் பார்ப்பதும் அழகில்லை. அதனால் காதைத் தீட்டிக்கொண்டார். அவள் காலில் கொலுசு இருந்தது. வலதுகால் கொலுசு ஒரு தடவை, இடதுகால் கொலுசு ஒரு தடவை. அவர் நின்றால் நின்றது. அவர் நகர்ந்தால் நகர்ந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே தாளம். ஒரு இடத்தில் தப்பும் என்று காத்திருந்தார். வழுக்குப் பாறையில் தப்பும் என்று நிச்சயமாக எதிர்பார்த்தார். தப்பவில்லை. அங்கே தடுமாறினது அவர்தான். அப்போது கொலுசுச் சத்தம் சட்டென்று கிட்டே வந்தது. அவர் சமாளித்து நின்றதும் பழையபடி பின்னுக்குப் போயிற்று. 

அடிவாரத்து டீக்கடைப் பெஞ்சிலிருந்து நல்லகாமன் எழுந்து ஓடிவந்தான். கீழே வந்து சேர்ந்திருந்தவர்கள் ஒருவரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் இவருக்காகத்தான் நின்றார்கள். ரெங்கம்மாள் கருப்பைக் கும்பிடுவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள், ஆனால் அவளுடைய காது இந்தப் பக்கம் இருந்தது.

"என்னண்ணே, பொண்ணு நடை எப்பிடி? பாத்தீகளா?" என்று நல்லகாமன் பயந்து பயந்து கேட்டான்.

விருமாண்டி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். "நாளப் பாரு."